கப்பல் ஏறினால் மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும்: மறுபடி ஏறும் முன் என்ன செய்யலாம்?

ஈசூன்_தேர்டு எழுதியது:

வணக்கம். பல்க் கேரியரில், அதாவது தாது மாதிரிச் சரக்கை மொத்தமாக ஏற்றும் கப்பலில், தேர்டு இன்ஜினியராக இருக்கிறேன். வீடு சிங்கப்பூர் ஈசூனில். இப்போது லீவு. அடுத்த மாதக் கடைசியில் இங்கேயே ஏறச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் பிடிக்க நம்ம ஆங்கரேஜில், நங்கூரம் போடும் இடத்தில், கப்பல் நிற்கும், மரினா சவுத் பியரில் லாஞ்ச் என்ற சின்னப் படகில் ஏறிப் போய்ச் சேர வேண்டியதுதான். அங்கிருந்து வெறுங்கப்பலாகப் பிரேசில், பிறகு இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனா. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பிரேசில் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இடையில் துறைமுகம் கிடையாது.

கேட்க வந்தது வயிற்றைப் பற்றி. கரையில் இருக்கும்போது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் கோப்பிக்கடை பரோட்டா, மதியம் தேக்காவில் பிரியாணி என்று எதைத் தின்றாலும் செரிக்கிறது. கப்பலிலும் முதல் வாரம் சரியாகத்தான் போகும். இந்தியப் பெருங்கடலில் பாதி தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். மூன்று நாள், நான்கு நாள் மலம் கழியாது. வயிறு உப்பி, வேலைக்குப் போடும் பாய்லர் சூட்டின் பெல்ட் இறுக்கும். ராத்திரி படுத்தால் நெஞ்சு வரைக்கும் புளித்து ஏறும். செகண்ட் ஆபீசரிடம் ஆன்டாசிட் வாங்கிக் குடிப்பேன், அன்றைக்குத் தணியும், மறுநாள் அதே கதை. பிரேசில் பக்கம் நங்கூரம் போட்டு, ஒழுங்காகத் தூங்கி, புதுக் காய் வந்து சேர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்.

சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். குக் பிலிப்பீன்ஸ்காரர், நல்ல மனுஷன். ஆனால் மூன்று வேளையும் சோறு, இறைச்சி, பொரித்தது. கீரை பத்து நாளில் தீர்ந்துபோகும். கப்பலில் நான் ஒருத்தன்தான் தமிழன், எனக்காக ரசம் வை என்று கேட்கக் கூச்சம். எங்கள் கப்பலில் ராத்திரி இன்ஜின் ரூமில் ஆள் இருக்காது, கேபினில் அலாரம் அடித்தால் ட்யூட்டி இன்ஜினியர் எழுந்து ஓடணும். என் முறை வரும் ராத்திரிகளில் இரண்டு மணிக்கு எழுந்து, எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையரோடு மல்லுக்கட்டிவிட்டு, 3-இன்-1 காப்பியும் மேகியும் சாப்பிட்டுப் படுப்பேன். போதாக்குறைக்குக் கடிகாரம். சிங்கப்பூருக்கும் பிரேசிலுக்கும் 11 மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஒவ்வொரு மணியாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். எப்போது பசிக்கிறது, எப்போது பாத்ரூம் வருகிறது என்று உடம்புக்கே புரிவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏறும் முன் புதிதாக மெடிக்கல், அதாவது உடல் தகுதிப் பரிசோதனை, எடுக்கணும். படிவத்தில் வயிறு, குடல் சம்பந்தமான தொந்தரவு உண்டா என்று ஒரு கேள்வி வரும். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் "இல்லை என்று போடு, எழுதினால் ஏற்ற மாட்டான்" என்கிறார்கள். என்ன செய்வது? கப்பல் அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள். மருத்துவம் தெரிந்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

---

தேக்கா_ராசா எழுதியது:

கடுக்காய்ப் பொடி ஒரு டப்பா. சிராங்கூன் ரோட்டில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன். காலையில் கப்பலே குலுங்கும். இதுக்கு எதுக்குப்பா டாக்டரு, மெடிக்கலு எல்லாம் லா.

---

பழைய_பண்டாரி எழுதியது:

தம்பி, நான் கப்பல்ல சமையக்காரனா இருந்து ஓய்வானவன். சொந்த ஊரு ராமநாதபுரம் பக்கம் கடற்கரை, இப்ப மக வீட்டுல, புக்கிட் பாத்தோக்குல இருக்கேன். எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், மரம் ஏத்துற கப்பல் எல்லாத்துலயும் கேலியில, அதான் கப்பல் சமையக்கட்டுல, நின்னுருக்கேன். நீ சொன்ன கதைய நூறு பேரு வாயால கேட்டாச்சு. அதுல பெரும்பாலும் இன்ஜின்காரங்கதான்.

முதல்ல ஒண்ணு சொல்லு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற? நீ எழுதுனதுல காப்பி இருக்கு, மேகி இருக்கு, தண்ணி எங்கயும் இல்ல. இன்ஜின் ரூம்ல 40 டிகிரிக்கு மேல, வேலை முடிச்சு வர்ற ஆளு பாய்லர் சூட்ட பிழிஞ்சா வாளி நிறையும். அவ்வளவு தண்ணி வெளிய போனா உடம்பு வேற எங்க போய் எடுக்கும்? குடல்ல இருக்குறதத்தான் உறிஞ்சும். அப்பறம் கல்லு மாதிரி ஆகாம என்ன ஆகும். மேல ஏறி பாத்ரூம் போகணுமேன்னு சோம்பப்பட்டே தண்ணி குடிக்காத பயலுகள எனக்குத் தெரியும். நீ அந்த வகையான்னு நீயே பாத்துக்க.

அடுத்து காய்கறி. இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா சாப்புடுற ஆளுக்கு இது தெரியிறதில்ல. சிங்கப்பூர்ல புரொவிஷன் ஏத்துனா முதல்ல சாவிக்கீரை, கங்கோங்கீரைன்னு கீரை எல்லாம் ஒரு வாரம் பத்து நாளு. தக்காளி, வெள்ளரி அதுக்கு மேல கொஞ்சம். அப்பறம் முட்டைக்கோசு, கேரட்டு, பீட்ரூட்டு. இதுங்கள ஒழுங்கா வெச்சா ஒரு மாசத்துக்கு மேலயும் நிக்கும். பூசணி, உருளை, வெங்காயம் கடைசி வரைக்கும் இருக்கும். குக்குக்கு விவரம் இருந்தா கீரைய முதல் வாரம் தாராளமா போட்டுத் தீர்ப்பான், அழுகுறதுக்கு முன்னாடி. விவரம் பத்தாதவன் ஆப்பிள் பெட்டியையும் கீரையையும் ஒரே மூலையில அடுக்குவான். ஆப்பிள்ல இருந்து வர்ற வாயு கீரைய நாலு நாள்ல மஞ்சளாக்கிப்புடும். சாப்பாட்டுக் காசு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு கம்பெனி கட்டிக் குடுக்குது. கேப்டன் அதுலயும் மிச்சம் புடிக்கிற ஆளா இருந்தா முதல்ல அடி வாங்குறது பழமும் காயும்தான். கறி குறைஞ்சா ஆளுங்க சத்தம் போடுவாங்க, காய் குறைஞ்சா யாரும் போட மாட்டாங்க. நான் பாத்த வரைக்கும் கப்பல்காரன் வயித்த கெடுத்தது அந்த சத்தம் போடாத குணம்தான்.

அதனால நீ சத்தம் போடாம கேக்கக் கத்துக்க. ரசம் கேக்காத. அந்தாளுக்குத் தெரியாத பண்டத்தக் கேட்டா அவனுக்குப் பாரம். அவனுக்குத் தெரிஞ்சதக் கேளு. "மொங்கோ" இருக்கான்னு கேளு. பச்சப்பயற வேகவெச்சுப் பூண்டு, வெங்காயம் தாளிச்சு செய்வாங்க. அவங்க ஊருல வெள்ளிக்கிழமைன்னா வீட்டுக்கு வீடு அதான். நம்ம பாசிப்பருப்புக் கூட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்க. வாரத்துல ஒரு நாள் செய்யிறத ரெண்டு நாளா செய்யச் சொல்லு, சந்தோஷமா செய்வான். அவன் ஊரு ஞாபகத்த நீ கேக்குறேல்ல.

பயறு கப்பல்ல இருந்தா முளைகட்டு. கீரை தீந்த பிறகு நடுக்கடல்ல பச்சையா சாப்பிடுறதுக்கு அதவிட வேற எதுவும் இல்ல. ராத்திரி ஊறவெச்சு, காலையில வடிச்சு, ஈரத்துணியில கட்டி கேபின்ல தொங்கவிட்டா ரெண்டு நாள்ல வால் வரும். பச்சையா அப்படியே அள்ளித் தின்னாத, வெதுவெதுப்பான ஈரத்துல பயறோட கிருமியும் சேந்து வளரும். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டு வெங்காயம், உப்பு, எலுமிச்சை. முதல்ல உன்னை ஒரு மாதிரி பாப்பாங்க. அப்பறம் டெக் ஆளுங்களுக்குத் தலைவனா இருக்குற போசனே வந்து தட்ட நீட்டுவான்.

மேகி மேல எனக்குக் கோவம் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை செஞ்சவனுக்குப் பசிக்கும்தான். ஆனா டியூட்டி மெஸ்ல மூடி வெச்சிருக்குற சோத்தப் பத்தி ஒரு வார்த்தை. சாயங்காலம் ஆறு மணிக்கு வடிச்ச சோறு, குக்கர ஆஃப் பண்ணி மூடி வெச்சு, ராத்திரி ரெண்டு மணிக்குத் தின்னா வாந்தி பேதி நிச்சயம்னு சொல்ல மாட்டேன், ஆனா வந்தா அதனாலதான். குக்கர் "வார்ம்"ல எரியணும், இல்லாட்டி சோத்த சீக்கிரம் ஆறவெச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள வெக்கணும். ரெண்டும் இல்லாம நடுவுல கெடக்குற சோறு வேண்டாம். என் கேலியில நான் அந்தப் பானைய அப்படி வெச்சுட்டுத் தூங்கப் போனதில்ல.

முதுகு வலிக்கு மாத்திரை போடுறியா? இன்ஜின்காரங்க போடுவாங்க, அதான் கேக்குறேன். இன்ஜின் ரூம்ல வேலை செய்யிற ஆயிலர் ஒருத்தன் இருந்தான், ஊரு பேரு வேண்டாம். வெறும் வயித்துல காப்பிய ஊத்தி வலி மாத்திரைய முழுங்குவான், தினமும். மலம் தார் மாதிரி கறுப்பா போயிருக்கு, ஒரு வாரமா யாருகிட்டயும் சொல்லல. சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வரவும்தான் எனக்கு சந்தேகம். நான்தான் கேப்டனுக்கு அடுத்த ஆளான சீஃப் மேட்டுகிட்ட போய் சொன்னேன். ரேடியோவுல டாக்டர்கிட்ட பேசி, கப்பலத் திருப்பி தென்னாப்பிரிக்காவுல டர்பன் துறைமுகத்துக்கு விட்டாங்க. பொழச்சுட்டான். தட்டு திரும்பி வந்தா குக்குக்குத் தெரியும் தம்பி. டாக்டருக்கு முன்னாடி அவனுக்குத்தான் தெரியும்.

மெடிக்கல் படிவம் பத்தி எனக்குச் சட்டம் தெரியாது. அத மத்தவங்க சொல்லட்டும்.

---

செங்காங்_நர்ஸ் எழுதியது:

பண்டாரி அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு நான் எழுத அதிகம் இல்லை. குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி பிரிவில் வேலை செய்கிறேன், விடுபட்டதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும், இது அதற்கு மாற்று அல்ல.

வலி மாத்திரை: டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் வகைகள் இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் பூச்சைக் குறைத்துவிடும், அதனால் புண் வரலாம். சாப்பாட்டோடு போட்டால் எரிச்சல் குறையுமே தவிர ஆபத்து முழுதாகப் போகாது, ஏனென்றால் மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் அந்த வேலையைச் செய்கிறது. முதுகுக்கு வேறு வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

புண்ணுக்கு இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. புண் வருவது கவலையாலும் காரத்தாலும் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தக் கிருமியைக் காட்டியபோது யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான், அதனால் இங்கேயும் சொல்லிவிட்டேன்.

இருக்கிறதா இல்லையா என்பதை மூச்சுப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். குழாய் விட வேண்டியதில்லை. ஆனால் தேதி பார்க்க வேண்டும். ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் நிறுத்திய பிறகு, ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் கழித்துத்தான் செய்வார்கள். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. போய்விட்டதா என்று பார்க்க மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். கூட்டிப் பாருங்கள். அடுத்த மாதக் கடைசியில் லாஞ்ச் ஏறுகிறீர்கள் என்றால் இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப டாக்டரிடமோ போனால்தான் எல்லாம் முடியும். கப்பல்காரர்கள் கடைசி வாரத்தில்தான் வருகிறார்கள், பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நார்ச்சத்து: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி பொட்டலமாக முஸ்தபா கடையில் கிடைக்கும், பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் குடிக்காமல் அதை மட்டும் விழுங்கினால் சிக்கல் இன்னும் இறுகும். முழு தம்ளர் தண்ணீரோடுதான். தேக்கா ராசா தம்பிக்கு: கடுக்காய் குடலைத் தூண்டி வெளியேற்றும். எப்போதாவது என்றால் சரி, மாதக்கணக்கில் தினமும் அதை நம்பிக் கடலில் இருப்பது வேண்டாம். வயிற்றில் வலி இருக்கும்போது எந்தப் பேதி மருந்தும் எடுக்கவே கூடாது, குடல்வால் அழற்சியாக இருந்தால் விபரீதமாகிவிடும்.

பேதியானால் ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைக் கரைசல். கப்பல் மருந்துப் பெட்டியில் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சமமாக அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

எதைக் கண்டால் அன்றைக்கே அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்றால்: கறுப்பு மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கம் கீழே இறங்கும் வலி, வலியோடு காய்ச்சல். இன்னொன்று, நெஞ்செரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வியர்த்துக் கொட்டி, இடது கையிலோ தாடையிலோ இழுத்தால் அது வயிறே இல்லாமல் இருக்கலாம். ஆன்டாசிட் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். இன்ஜின் ரூமில் எல்லாருக்கும் வியர்க்கும் என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

பண்டாரி அண்ணே, உங்களுக்கும் ஒரு கேள்வி. 50 தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்காக மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எஃப்ஐடி பரிசோதனைப் பெட்டி இருக்கிறதே, செய்தீர்களா?

---

12_4_வாட்ச் எழுதியது:

செகண்ட் ஆபீசர், டேங்கர். அரபிக்கடலில் இருந்து எழுதுகிறேன், நெட் விட்டு விட்டு வருகிறது, சுருக்கமாக முடிக்கிறேன்.

படிவத்தில் பொய் எழுதாதீர்கள் தம்பி. இது அறிவுரை இல்லை, கணக்கு. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறதே, எம்எல்சி, அதன்படி கப்பலில் நோய் வந்தால் சிகிச்சைச் செலவு கப்பல் முதலாளியுடையது. ஊர் திரும்பிய பிறகும் வேலை செய்ய முடியாமல் இருந்தால் அவர் பொறுப்புக்கு எல்லை வைக்கலாம், ஆனால் நோய் தொடங்கிய நாளிலிருந்து 16 வாரத்துக்குக் குறைவாக வைக்க முடியாது. சிங்கப்பூரில் 2014இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் அதே உடன்படிக்கையில் ஒரு விலக்கும் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது தெரிந்தே மறைத்த நோய்க்கு முதலாளியின் பொறுப்பை நீக்கலாம். "இல்லை" என்று டிக் அடித்த காகிதத்தை அன்றைக்கு எடுத்து வைப்பான். "எழுதாதே" என்று சொன்ன நண்பர்களா ஆஸ்பத்திரி பில் கட்டப் போகிறார்கள்?

நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் உண்டு, பரிசோதனை செய்தேன், மருந்து எடுத்தேன் என்று டாக்டர் கடிதத்தோடு போனால் தகுதிச் சான்றிதழ் கிடைக்கத்தான் பெரும்பாலும் வாய்ப்பு. ஆறாத புண்ணோடு போனால் கிடைக்காமல் போகலாம். அப்படி ஏறவே கூடாது.

கப்பலில்: துறைமுகம் வந்தால், முடிந்த இடத்தில் எல்லாம், தாமதமில்லாமல் டாக்டரைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நடுக்கடலில் ரேடியோ மருத்துவ ஆலோசனை இலவசம். ரோமில் சிஐஆர்எம் என்று ஒரு மையம், 1935இலிருந்து எந்த நாட்டுக் கப்பலுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்களைப் போன்ற சரக்குக் கப்பல்களில் டாக்டர் இல்லை. 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, நாடு விட்டு நாடு மூன்று நாளைத் தாண்டும் பயணம் என்றால்தான் கட்டாயம். அதனால் மருந்துப் பெட்டிச் சாவி என்னைப் போல ஒருத்தன் கையில் இருக்கும். அவன் டாக்டர் இல்லை, படிப்பு அவ்வளவுதான். நீங்கள் "கொஞ்சம் கேஸ்" என்றால் அவனும் கேஸ் என்றே எழுதுவான். என்றைக்கு ஆரம்பித்தது, எங்கே வலிக்கிறது, மலம் என்ன நிறம், எல்லாவற்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவன் அதைத்தான் ரோமுக்குச் சொல்ல முடியும்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் கேலியையும் அடிக்கடி சோதித்து எழுதிவைப்பது கேப்டன் பொறுப்பு, அதுவும் எம்எல்சிதான். பழம் காய் போதவில்லை என்றால் அந்தச் சோதனை நடக்கும்போது சொல்லுங்கள். புகார் மாதிரி இருக்காது, வேலை மாதிரி இருக்கும்.

வாட்சுக்கு நேரமாகிறது.

---

ஈசூன்_தேர்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நர்ஸ் அக்கா, ஒமிப்ரசோல் எடுக்கவில்லை. ஆன்டாசிட் திரவம் மட்டும்தான், அதுவும் கப்பலில். ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. பலதுறை மருந்தகத்தில் புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். வலி மாத்திரை போடுவதுண்டு, தோள்பட்டைக்கு. அதையும் சொல்கிறேன்.

பண்டாரி அண்ணே, தண்ணீர் கேட்டீர்கள். வேலை நேரத்தில் ஒரு சின்ன பாட்டில், அதுவும் மிச்சம் வரும். பதில் சொல்லிவிட்டேன், திட்டாதீர்கள். ஆனால் கப்பல் தண்ணீர் மேலேயே எனக்கு ஒரு யோசனை உண்டு. கடல்நீரிலிருந்து நாங்களே காய்ச்சி எடுக்கும் தண்ணீர்தான் குடிக்கிறோம். ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டரில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் கடல்நீர் 50 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மெயின் இன்ஜின் சூட்டை வைத்தே தண்ணீர் செய்துவிடலாம், தனியாக எண்ணெய் எரிக்க வேண்டாம். ஆனால் அந்தச் சூட்டில் கிருமி சாகாது. அதனால்தான் கரையோரத்தில் ஓட்டக் கூடாது என்பார்கள், குளோரினோ புற ஊதா விளக்கோ வைப்பார்கள். தாது உப்புச் சேர்க்கும் பெட்டி வழியாக விடாவிட்டால் ருசியே இருக்காது, சப்பென்று இருக்கும். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அதைத் தொட மாட்டார்கள், பாட்டில் தண்ணீர்தான். பாட்டில் குறைந்தால் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர்தான் மலச்சிக்கலுக்குக் காரணம் என்று சீஃப் இன்ஜினியர் சொல்கிறார். உண்மையா?

இன்னொரு கேள்வி, தயிர். எனக்கு மோர் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்று தோன்றுகிறது. கப்பலில் யோகர்ட் டப்பா முதல் வாரத்தோடு காலி. உறை போட்டு வைக்க முடியுமா?

---

செங்காங்_நர்ஸ் எழுதியது:

காய்ச்சி வடித்த தண்ணீரால் மலம் இறுகாது. குடிக்காத தண்ணீரால்தான் இறுகும். தொட்டி சுத்தமாக இருந்து, குளோரின் அளவு சரியாக இருந்தால் அதையே தாராளமாகக் குடியுங்கள். அந்த அளவைப் பார்க்கும் வேலை உங்கள் துறையைச் சேர்ந்ததுதானே? நீங்களே எடுத்துக்கொண்டால் சந்தேகமும் தீரும்.

---

பழைய_பண்டாரி எழுதியது:

நர்ஸம்மா, பெட்டி வாங்கிட்டு வந்து மக ஃப்ரிட்ஜு மேல ஒட்டி வெச்சிட்டா, தப்பிக்க வழியில்ல. ரெண்டு நாள் எடுத்து அனுப்பியாச்சு. ஒண்ணுமில்லன்னு கடிதம் வந்துச்சு.

தம்பி, தயிருக்கு உறை நான் கப்பல் விட்டுக் கப்பல் கொண்டு போனவன். நீ இங்கேயே ஏறுறதால ரொம்ப சுலபம். சிராங்கூன் ரோட்டுல எந்த நம்மூர்க் கடையிலயாவது கெட்டித் தயிரு ஒரு சின்ன டப்பா வாங்கிக்க. ஐஸ் போட்ட பையில வெச்சு லாஞ்சுல ஏறு. கப்பல்ல நீண்ட நாள் நிக்கிற பெட்டிப் பால் இருக்கும். அத வெதுவெதுப்பா சூடு பண்ணி, விரல் விட்டா சுடாத பதத்துல ஒரு ஸ்பூன் உறை விட்டுக் கலக்கி மூடி வெச்சிடு. கேபின் ஏசி குளிருல உறையாது. கேலி அடுப்புக்குப் பக்கம் ஓரமா ஒரு அலமாரியில வை. இன்ஜின் ரூம் உள்ள வேண்டாம், எண்ணெய் வாடை புடிச்சுக்கும். ராத்திரி வெச்சா காலையில தயிரு. மூணு நாலு நாளைக்கு ஒருக்கா புதுசா உறை ஊத்திக்கிட்டே இரு, விட்டுட்டா புளிச்சு வீரியம் போயிடும். அவசரத்துக்கு ஐஸ் தட்டுல நாலு கட்டி உறைய வெச்சு ஃப்ரீசர்ல போட்டு வை. அதுவும் செத்துப் போச்சுன்னா காஞ்ச மொளகாக் காம்ப பால்ல போட்டுப் பாரு. முதல் தடவை கொழகொழன்னு வரும், அதக் கொட்டாம அதுலருந்து ரெண்டாவது தடவை ஊத்து.

இதுக்கெல்லாம் கேலிக்குள்ள போய் வரணும். சாப்பாடு பரிமாறுற மெஸ்மேன்கிட்ட சொல்லாத, நேரா குக்குகிட்டயே கேளு. பத்து மணி காப்பி முடிஞ்சு, மத்தியான சமையல் சூடு புடிக்கிறதுக்கு முன்னாடி போ. இன்ஜின் ரூம் ஷூவோட உள்ள நுழையாத. தரைய அப்பத்தான் கழுவியிருப்பான், எண்ணெய்க் காலடியப் பாத்தா எந்த ஊரு குக்கும் உனக்குப் பயறு அவிக்க மாட்டான்.